அந்த 37 மதிப்பெண்ணைப் போட்டது நான்தான்

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையில் மதிப்பீட்டு முறைகளை வகுக்கிறவர்களுக்கு,

வணக்கம்.

காவிரிக் கடைமடையில் இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லா வகுப்புக்கும் மாறி மாறிப் பாடம் எடுத்திருக்கிறேன். அதனால் ஒரே பிள்ளையை ஆறிலும் பார்ப்பேன், எட்டிலும் பார்ப்பேன், பத்தில் பொதுத்தேர்வுக்கு அனுப்பியும் வைப்பேன். இந்த மடலை எழுத எனக்கிருக்கும் தகுதி அது ஒன்றுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கொடுத்த வாரத்தில் ஓர் அம்மா பள்ளிக்கு வந்தார். நடவு வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. கையில் இரண்டு தாள்கள். ஒன்று மகனுடைய எட்டாம் வகுப்பு மதிப்பெண் விவரம்: கணக்கில் 61, தரம் பி2. இன்னொன்று காலாண்டுத் தேர்வு விடைத்தாள்: நூற்றுக்கு 19.

"எட்டாவதுல அறுவத்தொண்ணு வாங்குன புள்ள டீச்சர். ஒம்போதாவதுல எப்புடிப் பத்தொம்போதுக்கு வந்தான்? ஊர் சுத்துறானா? செல்லு நோண்டுறானா?"

அவன் ஊர் சுற்றவில்லை. அந்தக் காலாண்டில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவன் அவன். விடைத்தாளைப் புரட்டிக் காட்டினேன். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தான். மேலே இருந்த இரண்டு எண்களைக் கூட்டியிருக்கிறான், கீழே இருந்த இரண்டையும் கூட்டியிருக்கிறான். ஆறாம் வகுப்பிலேயே சரிசெய்திருக்க வேண்டிய தப்பு. பின்னம் வராதவனுக்கு எட்டாம் வகுப்பின் விகிதமுறு எண்கள் வந்திருக்காது. அது வராதவனுக்கு ஒன்பதாம் வகுப்பின் மெய்யெண்கள் எப்படி வரும்?

அந்த அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அப்ப இதுல எது டீச்சர் பொய்யி?" என்றார்.

எட்டாம் வகுப்பில் அவனுக்குக் கணக்கு எடுத்தவள் நான். 61-இல் தேர்வு எழுதி அவன் வாங்கியது 60-க்கு 24. மீதி 37-ஐப் போட்டவள் நான். நாற்பதுக்கு 37.

இந்த 40-ம் 60-ம் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலைப் படிக்கப்போகும் பெற்றோர் பலருக்குத் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். 2012-13 கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டு வரை முப்பருவ முறை வந்தது. புத்தகப் பை கனம் குறைந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன், இன்றைக்கும் அதற்கு நன்றி சொல்வேன். அதனோடு சேர்ந்து வந்ததுதான் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு. ஒவ்வொரு பருவத்திலும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. தொகுத்தறி என்பது பருவக் கடைசியில் எழுதும் தேர்வு. வளரறி என்பது பருவம் நடக்கும்போதே ஆசிரியர் பார்த்துப் போடுவது. அதில் 20 செயல்பாடுகளுக்கு, 20 சிறுதேர்வுகளுக்கு. இரண்டையும் கூட்டி நூற்றுக்கு எவ்வளவு என்று பார்த்துத் தரம் கொடுப்போம்: 91-உம் அதற்கு மேலும் ஏ1, 81 முதல் 90 வரை ஏ2, அப்படியே பி1, பி2, சி1, சி2, டி என்று இறங்கி, 20-உம் அதற்குக் கீழும் இ2.

கல்வி உரிமைச் சட்டம் 29-ஆம் பிரிவில் கேட்டதும் இதைத்தான். பிள்ளை அச்சமில்லாமல் படிக்க வேண்டும். அது புரிந்துகொண்டதையும், புரிந்துகொண்டதைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ந்து மதிப்பிட வேண்டும். வருடக் கடைசியில் மூன்று மணி நேரம் உட்கார வைத்துத் தீர்ப்புச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஒரு பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று ஆசிரியர் அன்றாடம் பார்க்கலாம், வராததை அந்தப் பருவத்திலேயே சரிசெய்யலாம் என்று நினைத்தேன்.

அப்படி நடந்த நாளும் உண்டு. ஏழாம் வகுப்பில் சரிவகத்தின் பரப்பளவு நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளிக்குப் பின்னால் இருந்த வயலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போய், வரப்போடு வரப்பாகக் கயிறு பிடித்து அளக்கச் சொன்னேன். எழுதும் தேர்வில் எப்போதும் பத்துக்கு இரண்டு, மூன்று வாங்கும் ஒரு பெண். அவள் அப்பா குத்தகைக்கு உழுகிறவர். மற்றவர்கள் சூத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வயலைக் கண்ணால் இரண்டாக வெட்டினாள். இந்தப் பக்கம் ஒரு செவ்வகம், அந்தப் பக்கம் ஒரு முக்கோணம். இரண்டையும் கூட்டி, 144 சதுர அடிக்கு ஒரு குழி என்று வகுத்து, நூறு குழி ஒரு மா என்று கணக்கிட்டு, "முக்கா மாவுக்குக் கொஞ்சம் கொறச்சலு மிஸ்" என்றாள். அப்பாவிடம் கேட்டுப் பழகிய கணக்கு. சூத்திரம் அவளுக்குத் தெரியாது. ஆனால் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பது அன்றைக்கு அந்த வகுப்பில் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. செயல்பாட்டுக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். எந்த எழுத்துத் தேர்வும் அவளைக் கண்டுபிடித்திருக்காது.

அதே பருவத்தில், கடையில் வாங்கிய படத்தைச் சார்ட்டில் ஒட்டிக் கொண்டுவந்த பிள்ளைக்கும் நான் 9 போட்டேன். எதுவும் கொண்டுவராத பிள்ளைக்கும் 9. பதிவேட்டில் 10, 9, 9 என்று வரிசையாக நிற்கும்போது, அந்தப் பத்து வயலில் கிடைத்தது என்று யாருக்குத் தெரியும்? அவளுக்குச் செய்த அநியாயம் இன்னும் எனக்கு உறுத்துகிறது. பின்தங்கிய பிள்ளைக்குச் சும்மா கொடுத்த மதிப்பெண், உழைத்து வாங்கிய பிள்ளையின் மதிப்பெண்ணையும் சேர்த்துச் செல்லாக்காசாக்கிவிட்டது.

ஏன் அப்படிப் போட்டேன்? சோம்பல் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் என்னைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் இதையே செய்துகொண்டிருக்கும்போது காரணத்தை வேறிடத்திலும் தேட வேண்டும்.

அந்த ஆண்டு என்னிடம் ஆறாம் வகுப்பில் 34, ஏழில் 32, எட்டில் 38, மொத்தம் 104 பிள்ளைகள். அது போகப் பத்தாம் வகுப்பு. ஒவ்வொருவருக்கும் ஒரு பருவத்தில் நான்கு செயல்பாடு, நான்கு சிறுதேர்வு. அதாவது ஒரு பருவத்துக்கு 832 பதிவுகள், மூன்று பருவத்துக்கு 2,496. ஒவ்வொன்றையும் நேர்மையாகப் பார்த்து எழுத வேண்டுமென்றால் பாடம் நடத்தும் நேரம் போய்விடும். அதனால் பருவக் கடைசியில், பதிவேற்ற நாள் குறித்துச் செய்தி வந்த பிறகு, உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதுவோம். அப்போது எந்தப் பிள்ளை எந்தச் செயல்பாட்டை எப்படிச் செய்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? பேரைப் பார்த்ததும் முகம் நினைவுக்கு வரும், முகத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவோம். நல்ல பிள்ளைக்கு 39, சுமாரான பிள்ளைக்கு 37, வராத பிள்ளைக்கு 35.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பருவம் உண்மையான மதிப்பெண்களையே எழுதினேன். 11, 16, 22 என்றெல்லாம் இருந்தது. பார்வைக்கு வந்த ஓர் அலுவலர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு குறைவாக இருக்கிறதே, நீங்கள் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று எழுத்தில் விளக்கம் கேட்டார். அவர் கேட்டது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்துப் பதிவேட்டில் எல்லாருக்கும் 36, 37, 38 என்று இருந்தது. அங்கே ஒரு கேள்வியும் எழவில்லை. அன்று மாலை மூத்த ஆசிரியர் ஒருவர் தேநீர் வாங்கிக் கொடுத்து, "முப்பத்தஞ்சுக்கு மேல போட்டுட்டா எந்தக் கேள்வியும் வராதும்மா" என்றார். என்மேல் அக்கறையோடு சொன்னதுதான். நானும் கேட்டுக்கொண்டேன்.

குறைந்த மதிப்பெண்ணுக்கு விளக்கம் எழுத வேண்டும், கூடிய மதிப்பெண்ணுக்கு எதுவும் வேண்டாம் என்று இருந்தால் எல்லாரும் எந்தப் பக்கம் போவார்கள் என்று கண்டுபிடிக்கக் கணக்கு வாத்தியார் வேண்டாம்.

இதன் விளைவைக் கூட்டிப் பாருங்கள். வளரறியில் எல்லாருக்கும் 36 என்று வையுங்கள். பருவத் தேர்வில் 60-க்கு 15 வாங்கினாலே 51, தரம் சி1. வெறும் 8 வாங்கினால்கூட 44, சி2. இ1, இ2 என்ற தரங்கள் விதியில் இருக்கின்றன; ஆனால் வளரறியில் மட்டும் 36 வாங்கியவன், தேர்வு அறைக்கே வராவிட்டாலும் டி-யில் நிற்பான். அந்தக் கடைசித் தரங்கள் யாருக்காக உண்டாக்கப்பட்டனவோ அந்தப் பிள்ளைகளை, அதாவது உடனே கை கொடுக்க வேண்டியவர்களை, இந்தக் கூட்டல் மறைத்துவிடுகிறது. நீங்கள் மேலே உட்கார்ந்து மாநிலம் முழுதுக்கும் பார்க்கும்போது அவர்கள் உங்கள் கண்ணில் படவே மாட்டார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். நான் இதையெல்லாம் எழுதுவதைப் பார்த்து, "பார்த்தீர்களா, ஆசிரியையே சொல்கிறார், எட்டாம் வகுப்புவரை எல்லாரும் தேர்ச்சி என்பதால்தான் இந்த நிலை, ஃபெயில் போட்டால் சரியாகிவிடும்" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, பிறகு 2020 பிப்ரவரி 4 அன்று அது ரத்து என்று செய்தி வந்தபோது எங்கள் ஆசிரியர் அறையில் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்கலாம் என்று விதியை மாற்றியபோது, தமிழ்நாடு அந்த வழியில் போகாது என்று சொன்னது. அதற்காக உங்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஏனென்றால் ஃபெயில் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நான் படித்த காலத்தில் எட்டாம் வகுப்பில் என்னோடு பத்துப் பெண்கள் இருந்தோம். மூன்று பேரை நிறுத்திவைத்தார்கள். அந்த மூவரில் ஒருத்திகூட ஜூன் மாதம் அதே வகுப்புக்குத் திரும்பி வரவில்லை. ஒருத்தி அம்மாவோடு நடவுக்குப் போனாள். ஒருத்தி திருப்பூருக்குப் போனாள். மூன்றாவது பெண்ணுக்கு அடுத்த தையில் கல்யாணம். அவர்களுக்கு வராமல் போன பின்னத்தையும் தசமத்தையும் நிறுத்திவைத்த அந்த ஓராண்டில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நிறுத்திவைப்பது ஏழை வீட்டுப் பெண்ணுக்குப் பள்ளியின் கதவை அடைப்பது. தயவுசெய்து அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

எனக்குப் பிரச்சினை தேர்ச்சியில் இல்லை. அடுத்த வகுப்புக்கு அனுப்புங்கள். ஆனால் பின்னம் தெரியாமல் போகிறான் என்ற சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். நாங்கள் பி2 என்ற சீட்டைக் கொடுத்து அனுப்புகிறோம்.

அப்படி வந்தவனை ஒன்பதிலும் தள்ளிவிட்டு, பத்தில் என்ன செய்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாள் நூறு மதிப்பெண்: ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினா 10, ஐந்து மதிப்பெண் வினா 10, கடைசியில் எட்டு மதிப்பெண் வினா 2. அந்த இரண்டும் வடிவியல் வரைதலும் வரைபடமும். தேர்ச்சிக்கு 35. டிசம்பர் முடிந்ததும் "மெல்லக் கற்போர்" என்று ஒரு பட்டியல் எடுப்போம். அவர்களுக்குப் பாடம் நடத்துவது அன்றோடு நின்றுவிடும். வடிவொத்த முக்கோணம், தொடுகோடு வரைய ஒரு மாதம். நேர்மாறல், எதிர்மாறல், இருபடிச் சமன்பாட்டு வரைபடத்துக்கு இன்னொரு மாதம். அதில் 16. ஒரு மதிப்பெண் வினாக்கள் பெரும்பாலும் புத்தகத்தின் பயிற்சிகளிலிருந்து வருவதால் விடைகளை மனப்பாடம் செய்ய வைப்போம். கேள்வியின் முதல் இரண்டு சொல்லைப் பார்த்ததும் "இ" என்று சொல்லும் பிள்ளைகள் என்னிடம் இருக்கிறார்கள். அதில் 14. ஆக 30. இன்னும் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் வினாவில் சூத்திரத்தையாவது எழுதிவைக்கச் சொல்வோம். 35 வந்துவிடும்.

அந்தப் பையனும் இப்படித்தான் தேர்ச்சி பெற்றான். கணக்கில் 41. அவன் அம்மா சாக்லேட் வாங்கிக் கொண்டு வந்து கொடுத்தார். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்ட அவனுக்கு அப்போதும் தெரியாது. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தான். அங்கே அளவுகோலில் பின்னத்தில் அளவு எடுக்க வேண்டும். ஒரு மாதம் தடுமாறிவிட்டு நின்றுவிட்டான். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வான். அவன் மரியாதையாகப் பேசப் பேச எனக்குத்தான் நிற்க முடிவதில்லை.

பிளஸ் டூவிலும் அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண் இருக்கிறது. எனக்குத் தெரிந்த பள்ளிகளில் அதில் பத்துக்குக் குறைந்து வாங்கிய பிள்ளையை நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் கொடுப்பதென்றால் அது அளவீடாகாது.

மதிப்பீடு பொய்யாக இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா ஆண்டில் எல்லாருமே பார்த்தோம். 2020 ஜூன் 9-ஆம் தேதி பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20 சதவீதம் என்று மதிப்பெண் கணக்கிடப்பட்டது. அதுவரை யாரும் பெரிதாக மதிக்காத அந்த இரண்டு தேர்வுகளும் ஒரே நாளில் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிற தேர்வுகளாக மாறின. என் வகுப்பில் ஒரு பெண், அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் அம்மை போட்டு எழுந்து வந்து எழுதியவள். "பொதுத்தேர்வுல பாத்துக்கலாம்மா" என்று நானே அவளுக்குத் தைரியம் சொன்னேன். அவளுக்கு அந்தப் பொதுத்தேர்வு வரவேயில்லை. மறுபடி எழுதிப் பழைய மதிப்பெண்ணை மாற்றிக்கொள்ள ஒரு வழி பள்ளிக்குள்ளேயே இருந்திருந்தால் அவள் ஆசைப்பட்ட பிரிவு கிடைத்திருக்கும். அடுத்த ஆண்டு பிளஸ் டூவுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று பகுத்துக் கொடுத்தீர்கள். அன்றைய நெருக்கடியில் அதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்குள் நாங்கள் போடும் மதிப்பெண்ணை நம்ப முடிந்திருந்தால் உங்கள் வேலை எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்தத் துறையால் மாற்ற முடியாதது ஒன்றுமில்லை. 2017 மே மாதம் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தினீர்கள். அதுவரை தேர்வு முடிவு வரும் நாளில் எங்கள் பிள்ளைகள் தினசரியைப் பார்த்து, முதல் பக்கத்துப் படங்களில் தங்களைப் போல ஒரு முகம் இல்லையே என்று நினைப்பார்கள். அது ஒரே அறிவிப்பில் போனது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2017-18-இல் கொண்டுவந்தீர்கள். 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அதை விலக்கினீர்கள். சரியாக வராததைத் திரும்பப் பெறும் மனம் உங்களுக்கு உண்டு.

எண்ணும் எழுத்தும் திட்டத்தைப் பாருங்கள். 2022-இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தீர்கள். அந்த மூன்று சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம். தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கும் என் தோழி சொல்வாள்: "அரும்புன்னு சொன்னா அம்மாமாருக்குக் கோபம் வர்றதில்லடி. எப்ப மொட்டாகும்னுதான் கேக்குறாங்க." ஒரு மதிப்பீடு செய்ய வேண்டிய வேலை முழுதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொல்கிறது, அடுத்த இடம் எதுவென்றும் சொல்கிறது, அவமானப்படுத்தவில்லை. செயலியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக மதிப்பீடு ஏற்றுவதற்குள் இணையம் அறுந்து, ஒரு நாளே போய்விடுகிறது என்பது அவளுடைய இன்னொரு குறை. அதையும் உங்கள் காதில் போட்டுவைக்கிறேன். 2025-இல் ஆறு முதல் ஒன்பது வரை பின்தங்கிய பிள்ளைகளுக்காகத் திறன் இயக்கம் தொடங்கியிருக்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படை வராத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று துறையே ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். அப்படியானால் அதே பிள்ளைகளுக்கு அதே பள்ளியில் பி2, சி1 என்று போட்டுவரும் எங்கள் தரப் பட்டியலை இன்னும் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறோம்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வளரறியையும் தொகுத்தறியையும் கூட்டாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தனியாகக் காட்டுங்கள். கூட்டுவதால்தான் வளரறி மதிப்பெண்ணை உயர்த்த வேண்டிய அவசியம் வருகிறது. கூட்டல் போய்விட்டால், அந்தப் பதிவேடு பிள்ளையைப் பற்றி ஆசிரியர் தனக்கும் அடுத்த வகுப்பு ஆசிரியருக்கும் எழுதிவைக்கும் குறிப்பாக மாறும். எட்டுப் பதிவும் வேண்டாம். ஒரு பருவத்துக்கு இரண்டோ மூன்றோ போதும், ஆனால் உண்மையாக இருக்கட்டும்.

பார்வைக்கு வரும் அலுவலர்கள் குறைந்த மதிப்பெண்ணைக் கண்டால் விளக்கம் கேட்க வேண்டாம். இடைவெளியைக் கண்டால் கேட்கட்டும். நாற்பதுக்கு 37, அறுபதுக்கு 9 என்று ஒரே பிள்ளைக்கு இருந்தால் அங்கேதான் கேள்வி. இந்த இரண்டு எண்ணையும் நாங்கள் ஏற்கெனவே பதிவேற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். தேடுவதற்குப் புதிதாக எதுவும் உண்டாக்க வேண்டியதில்லை. குறைந்த மதிப்பெண்ணை உண்மையாக எழுதிய ஆசிரியரிடம் "இந்த ஐந்து பேருக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேட்கட்டும். அந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

பெற்றோருக்குக் கொடுக்கும் அட்டையில் ஏ1, பி2 என்பதோடு ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வரி தமிழில் எழுத இடம் விடுங்கள். "கூட்டல், கழித்தல், பெருக்கல் நன்றாக வருகிறது. பின்னம் இன்னும் வரவில்லை. ஜனவரிக்குள் வரவைக்கப் பார்க்கிறேன்." இதைப் படித்துச் சொல்ல வீட்டில் ஒருவர் இருந்தால் போதும், அந்த அம்மா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டி வந்திருக்காது. ஒரு வருடம் முன்னாலேயே வேறு கேள்வியோடு வந்திருப்பார்.

பருவத் தேர்வு முடிந்து தாள் கொடுத்த பிறகு மூன்று நாள் கொடுங்கள். இப்போது தாளைக் கொடுத்த மறுநாளே அடுத்த புத்தகம் தொடங்கிவிடுகிறது. சிவப்பு மையைப் பிள்ளைகள் எண்ணிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். அந்த மூன்று நாளில் தவறியதைத் திருத்தி எழுதட்டும், மறுபடி எழுதிக் கூட வாங்கினால் அந்த மதிப்பெண்ணே நிற்கட்டும். பின்னத்தைச் செப்டம்பரில் கற்றுக்கொண்டவனுக்கும் நவம்பரில் கற்றுக்கொண்டவனுக்கும் என்ன வித்தியாசம்?

பத்தாம் வகுப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. நூறு சதவீதத் தேர்ச்சி என்று பள்ளி வாசலில் பேனர் கட்டுவதும், தேர்ச்சி குறைந்த பள்ளித் தலைமையாசிரியரைக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைப்பதும் இருக்கும்வரை "இ" என்று ஒப்பிக்கும் பிள்ளைகளை நாங்கள் உருவாக்கிக்கொண்டுதான் இருப்போம். ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது எந்த நிலையில் இருந்த பிள்ளை பத்தில் எங்கே வந்து நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வினாத்தாளை மாற்றுவதானால் இப்போது பத்தில் இருக்கிற பிள்ளைகள்மேல் வேண்டாம். இன்று ஆறில் இருப்பவர்களுக்கு இன்றே சொல்லுங்கள். நாங்கள் அவர்களை அதற்கேற்பக் கூட்டி வருகிறோம்.

இந்தப் பருவத்தில் ஏழாம் வகுப்பில் எனக்கு 29 பிள்ளைகள். எல்லாருக்கும் வளரறி மதிப்பெண் போட்டு முடித்துவிட்டேன். அதிகம் 38, குறைவு 9. இருபதுக்குக் கீழே ஏழு பேர் இருக்கிறார்கள். அந்த ஏழு பேருடைய பெற்றோரையும் வரச்சொல்லி, எது வரவில்லை என்று தாளைக் காட்டிப் பேசிவிட்டேன். ஐந்து பேர் வந்தார்கள். மற்ற இரண்டு வீட்டுக்கு நானே போனேன். தினம் மாலை நாலரை மணி வரை அந்த ஏழு பேரும் என்னோடு இருக்கிறார்கள். இப்போதைக்குப் பின்னத்தில் இருக்கிறோம்.

விளக்கம் கேட்டு யாராவது வந்தால், ஏழு பேருடைய தாள்களும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியை